ஹீலர் மாறிய நாள்

இன்று மத்தியானம் எங்கள் ஊர் நாலந்தாவில் நல்ல மழை. ஆன்லைன் கேமில் உட்கார்ந்தேன். அதில் நான் பலடின். கேடயத்தோடு முன்னால் போய் அரக்கர்களின் அடியையெல்லாம் வாங்குவது என் வேலை. பின்னால் நின்று ஹீல் போட்டு என் உயிரை ஏற்றுபவர் என் கணவர். கத்தாரில் அவருக்கு ஷிப்ட் மாறிவிட்டதால், இன்று அந்த இடத்துக்கு முன்பின் தெரியாத ஒரு பெண் வந்தாள்.

வழக்கம்போல ஏழு அரக்கர்களை ஒன்றாக இழுத்தேன். எல்லோரும் செத்தோம்.

"அக்கா, ரெண்டு ரெண்டா இழுங்க. என்னால ஏலாது," என்றாள் மைக்கில்.

அப்படியே செய்து ஜெயித்தோம். ஆனாலும் மனம் கேட்கவில்லை. கணவருக்கு வொய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்.

"நீங்க மட்டும் எப்படிங்க சமாளிச்சீங்க?"

அவருடைய சாப்பாட்டு நேரத்தில் பதில் வந்தது.

"நீ நிக்க மாட்டேன்னு தெரியும். நீ ஓடுறதுக்கு முன்னமே ஹீல் போட்டுருவேன்."

அதை நாலு தரம் கேட்டுவிட்டேன்.

கத்தாரில் அவரோடு ஷிப்ட் மாற்றிக்கொள்ள யாராவது இருந்தால் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.