தெற்குப் பக்கத்து ஜன்னல்

அடுத்தவர் நகையைப் பார்த்தோ வண்டியைப் பார்த்தோ நான் வயிறெரிந்ததில்லை. பாம்பனில் வாடகைக்கு இருந்தபோது ஒரு ஜன்னலைப் பார்த்து எரிந்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஜன்னல்.

ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர், இரண்டு குடும்பம். அவர்கள் பக்கம் தெற்கு பார்த்தது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று நேராக உள்ளே வரும். எங்கள் பகுதியை வீட்டுக்காரர் பின்னாளில் சேர்த்துக் கட்டியிருந்தார். அக்கம்பக்கத்தில் கேட்டால், “அது கடல் மணல்ல கட்டுன சுவரு” என்பார்கள். சாய்ந்து உட்கார்ந்தால் சட்டை முதுகில் வெள்ளையாக உப்பு ஒட்டும். மழைக்காலத்தில் கட்டில் ஓரமெல்லாம் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். இருந்த ஒரே ஜன்னலுக்கு வெளியே இரண்டு வீட்டுக் கழிவுநீரும் ஓடும். அதற்கு அப்பால் மணலில் வலை விரித்து, பக்கத்து வீட்டு அக்கா நெத்திலி காயப்போடுவார். காற்று அவர்களுக்கு, நாற்றம் எங்களுக்கு. அவர் கணவர் கடலுக்குப் போகாத நாளில் ஸ்பீக்கர் பெட்டி போடுகிற சத்தத்தில் எங்கள் பாத்திரமெல்லாம் அதிரும்.

என் மனைவி திருவாடானைப் பக்கம். கல்யாணமாகி வரும்போது இளைப்பு என்றால் என்னவென்று தெரியாதவள். இரண்டாவது மழைக்காலத்திலேயே தலைமாட்டில் இன்ஹேலர் வந்துவிட்டது. “வீட்ட மாத்துங்க, மருந்த அப்புறம் மாத்தலாம்” என்றார் டாக்டர். எங்கே மாற்றுவது? காலியாகிற வீட்டையெல்லாம் ராமேஸ்வரம் வருகிற யாத்திரைக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவளே ஒரு கெடு வைத்தாள்.

“தைக்குள்ள வேற வீடு பாருங்க. இல்லைன்னா எங்கம்மா வீட்டுக்குப் போறேன். கோவிச்சுக்கிட்டு இல்ல, மூச்சு விடத்தான்.”

நான் வயரிங் வேலை முடித்து வரும்போது எங்கள் வீடு பூட்டியிருக்கும். அடுத்த பக்கம் அவள் சிரிப்பு கேட்கும். எட்டிப் பார்த்தால் அந்த ஜன்னலுக்குக் கீழே காலை நீட்டி உட்கார்ந்து, அக்காவோடு நெத்திலி பொறுக்கிக்கொண்டிருப்பாள். எங்கள் வீட்டில் நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்குகிறவள், அங்கே ஊர்க்கதை முழுக்கப் பேசுவாள்.

“ஒங்க பொண்டாட்டிய கொஞ்சம் காயப்போட்டுத் தாரேன் தம்பி. அங்கன ஊறிப்போயிக் கெடந்தா” என்பார் அக்கா. அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வராது. என்னால் தர முடியாத மூச்சை அவர்கள் சும்மா தந்துகொண்டிருந்தார்கள்.

அந்த எரிச்சலில்தான் ஒரு நாள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். மீன் நாற்றம், ஸ்பீக்கர் சத்தம், அடைத்துக்கொள்ளும் கழிவுநீர் என்று வரிசையாகச் சொன்னேன். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் சுவரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர்கள் காலி செய்தால் அந்தப் பக்கத்துக்கு நாங்கள் போய்விடலாம் என்று நினைப்பு.

ஞாயிற்றுக்கிழமை அக்கா சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்த நேரம், வீட்டுக்காரர் ராமநாதபுரத்திலிருந்து வந்து வாசலில் நின்றார்.

“புகார் வந்திருக்கு. மீனு நாத்தத்துல பக்கத்துல இருக்கவங்களுக்கு மூச்சு அடைக்குதாம். வேற வீடு பாத்துக்கங்க.”

பக்கத்தில் இருப்பவர்கள் நாங்கள் மட்டும்தான். அக்கா என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். மனைவிக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்காரரிடம், “உள்ள வாங்கண்ணே” என்றாள்.

எங்கள் அறைச் சுவரில் கை வைக்கச் சொன்னாள். எடுத்தபோது அவர் உள்ளங்கை ஈரமாக, வெள்ளையாக இருந்தது.

“கடலோரம்னா சுவரு வேர்க்கத்தாம்மா செய்யும்.”

“அந்தப் பக்கமும் இதே கடலோரந்தாண்ணே. அங்கன வேர்க்கலையே. என் மூச்ச அடைக்கிறது நீங்க கட்டுன சுவரு, நெத்திலி இல்ல. அவுகள ஒண்ணும் சொல்லாதீக.”

அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். “புருசன் பொண்டாட்டி மொதல்ல ஒண்ணாப் பேசிக்கிட்டு, அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க” என்று வண்டியை எடுத்தார். சுவருக்கு அதற்குப் பிறகும் ஒன்றும் செய்யவில்லை.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “காத்து வேணும்னா கேட்டிருக்கலாமே தம்பி. காத்துக்கு நானா பட்டா வாங்கி வச்சிருக்கேன்?” என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே மனைவி பாயையும் தலையணையையும் எடுத்தாள். “வேற வீடு கெடைக்கிற வரைக்கும் அக்காகூடப் படுத்துக்கிறேன். எங்கம்மா வீட்டுக்குப் போகல. நீங்க ஆசப்பட்ட மாதிரி அந்தப் பக்கம் குடிபோயாச்சு. நான் மட்டும்.”

ஒன்றரை மாதம் அப்படித்தான் ஓடியது. இன்ஹேலர் எங்கள் வீட்டிலேயே கிடந்தது. அவள் அதைத் தேடி ஒரு நாளும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே நான் சோறு வடிப்பேன். நல்லபடியாக மூச்சு விடுகிறாளே என்று நிம்மதி ஒரு பக்கம், அங்கேயா விட வேண்டும் என்று எரிச்சல் ஒரு பக்கம்.

தைக்கு முன்னால் உச்சிப்புளியில் வீடு கிடைத்தது. காய்ந்த சுவர், இரண்டு பக்கமும் ஜன்னல். சாமான் இறக்கியதும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

“அக்கா வீட்டுக்கு இது எப்படி?”

அவள் ஜன்னலருகில் நின்று மூச்சை நன்றாக இழுத்து விட்டாள்.

“காத்து வருது. பேசத்தான் ஆளில்ல.”

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.