கோட்டை பார்க்க வந்தவர்கள்

கோட்டை ஏறப் போகிறவளுக்கு எதற்குப் பட்டுப் புடவை என்று அம்மாவிடம் கேட்டேன்.

"மேல காத்து அடிக்கும். நூல் பொடவ பறக்கும்" என்றாள் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

தலையில் நாலு முழம் கனகாம்பரம் வேறு. அதுவும் காற்றுக்குத்தானா என்று கேட்பதற்குள் கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு, பேச முடியாதவள்போல் ஆகிவிட்டாள்.

நைனாவுக்கு மல்லாட்டை மண்டியில் எடை போடும் வேலை. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மண்டிப் பழக்கத்தில் தெரிந்த வந்தவாசிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, தாயும் பிள்ளையுமாக, ஞாயிற்றுக்கிழமை கோட்டையைப் பார்க்க வருகிறது; "நீதான் அதப் பத்தி மணிக்கணக்கா பேசுவியே, சுத்திக் காட்டு" என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்குப் புரியாமல் இல்லை. பொங்கல் கழிந்து ஒரு கூட்டம் எங்கள் வீட்டுக்கு வந்து, சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்று, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனது. போனது போனதுதான். மூன்று மாதம் தெருவே "இன்னா ஆச்சு?" என்று கேட்டது. அதனால் இந்த முறை பெண் பார்ப்பதுபோலவே தெரியாமல் பெண் பார்க்க ஏற்பாடு. பிடிக்காவிட்டால், கோட்டை பார்க்க வந்தார்கள், பார்த்தார்கள், பஸ் ஏறினார்கள். யாருக்கும் தலைகுனிவு இல்லை. நைனாவின் மூளையை மெச்சத்தான் வேண்டும்.

ஆனால் எனக்கு வேறு அவசரம் இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தேன். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி, நைனா கையெழுத்து ஒன்று தவிர எல்லாம் எழுதிவிட்டேன். பத்து நாளாக "பாக்கலாம்" என்கிறார். திங்கட்கிழமை தபாலில் சேர்க்காவிட்டால் இந்த வருஷம் போச்சு. கல்யாணம் நிச்சயமானாலோ, அந்தக் காகிதம் அடுப்புக்குத்தான். மலை உச்சியில் காற்றுப் பட்டால் நைனா மனசு இளகும், அப்போது நீட்டலாம் என்று அதை மடித்துப் புளிசோற்றுத் தூக்கு இருந்த பைக்குள் செருகிக்கொண்டேன்.

மற்றபடி என் திட்டம் எளிது. பெண் பார்க்கிறார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆகவே நான் பெண் இல்லை, கைடு. வந்தவர்கள் ஓடிப்போகிற அளவுக்குக் கைடு.

பஸ்ஸிலிருந்து இறங்கிய வந்தவாசி அம்மாள் நல்ல உயரம், கையில் குடை, வாயில் வெற்றிலை. பிள்ளை பஞ்சாயத்து யூனியன் ஆபீஸில் கிளார்க். வெள்ளை டெரிலின் சட்டை, பையில் மைப் பேனா, காலில் கடிக்கிற புதுச் செருப்பு. நான் உடனே ஆரம்பித்துவிட்டேன். அகழி எத்தனை அடி, மதில் எத்தனை சுற்று, எந்த வாசலில் எந்தப் பக்கம் பீரங்கி. கிளார்க் ஒவ்வொன்றுக்கும் "ஓ" என்றார்.

கல்யாண மகாலுக்கு எதிரில் அந்த அம்மாள் வேலையைத் தொடங்கினார்.

"முன்னால நட பாப்பா. நாங்க பின்னால வரோம்."

கால் நேராக இருக்கிறதா என்று பார்க்கத்தான். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இரண்டிரண்டு படியாக மேல் மாடம் வரை ஓடி, அங்கிருந்து "வாங்க, வாங்க" என்று கத்தினேன். கீழே அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டது தெரிந்தது.

நெற்களஞ்சியத்தில் இன்னும் நேரடியாக வந்தார். "எம்மாம் பெரிசா இருக்குதே! உனுக்கு நெல்லு அவிக்கத் தெரியுமா?"

"ராஜா காலத்துல அவிக்காமத்தாங்க வச்சிருந்தாங்க. அவிச்சா முற்றுகை முடியற வரைக்கும் தாங்காது" என்றேன்.

அவர் விடவில்லை. "உள்ள பேசனா எதிரொலி கேக்குமாமே? ஒரு பாட்டு பாடேன், கேப்போம்."

எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! நான் களஞ்சியத்தின் நடுவில் போய் நின்று, தொண்டையைச் செருமி, பதினேழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தேன். சுவர்கள் அதை நாலாகப் பெருக்கித் தந்தன. பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு என்றபோது கிளார்க் வாய்க்குள்ளேயே கூடச் சொல்லிக்கொண்டிருந்தார். நைனா வெளியே போய்விட்டார்.

பிறகு ராஜகிரி மலை. "முட்டி வலிக்குது, நீங்க போங்க" என்று அந்த அம்மாள் புளியமரத்தடியில் உட்கார, அம்மாவும் பையோடு, அதற்குள் இருந்த என் விண்ணப்பத்தோடு, அங்கேயே தங்கிவிட்டாள். நாங்கள் மூவரும் ஏறினோம். கமலக்கண்ணியம்மன் கோயில் வந்ததும் நைனாவுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வாத்தியார்களோடு ஏறிக்கொண்டிருந்தது. "அவங்களோடயே போயிட்டு வாங்க" என்று நிழலில் சாய்ந்தார். காகிதம் கீழே, நைனா பாதியில்; காற்றும் போச்சு, கையெழுத்தும் போச்சு என்று நினைத்துக்கொண்டே நடந்தேன்.

உச்சிக்குச் சற்றுக் கீழே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அதைத் தாண்ட ஒரு மரப் பாலம். கிளார்க் நின்றுவிட்டார்.

"இன்னா ஆழம் இருக்கும்?"

"அறுவது அடி. விழுந்தா எடுக்கறதுக்கு வழி இல்ல. அந்தக் காலத்துல அப்படியே வுட்டுடுவாங்களாம்." கடைசி வரி என் சொந்தச் சரக்கு.

அவர் மெதுவாக ஒரு கல்லில் உட்கார்ந்தார். "நீங்க போயிட்டு வாங்க. நான் செருப்பப் பாத்துக்கறேன்."

"யார் செருப்ப?"

"என்னுத."

நான் மேலே போய்க் கோயில், மணிக்கூண்டு எல்லாம் பார்த்துத் திரும்பியபோது அதே கல்லில் இருந்தார். "மேல இன்னா இன்னா இருந்துதுன்னு வரிசையா சொல்லிடுங்க. கீழ கேப்பாங்க" என்றார். சொன்னேன். விரல் மடக்கி ஒப்பித்துப் பார்த்துக்கொண்டார். அவரைப் பிடிக்கக்கூடாது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன். அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

வழியில் நைனாவை எழுப்பிக்கொண்டு இறங்கினோம். புளியமரத்தடியில் சாப்பாடு. பிள்ளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அந்த அம்மாள் கையைக் கழுவி, வெற்றிலை போட்டுக்கொண்டு நைனாவைப் பார்த்தார்.

"வர்ற வெள்ளிக்கிழம நாள் நல்லா இருக்குது. நாலு பேரு தட்டோட வந்துடறோம். எங்க வூட்டுக்கு இப்படி ஒரு வாயும் காலுந்தான் வேணும். எம்புள்ளைக்கு ரெண்டுமே பத்தாது."

ஓடியதும் கத்தியதும் வாய்ப்பாடும் எல்லாம் மார்க்காக விழுந்திருக்கிறது! இனி கைடு வேஷத்தில் மிச்சம் ஒன்றுதான்.

"தட்டு எதுக்குங்க?" என்றேன்.

பிறகு நைனா பக்கம் திரும்பினேன்.

"நைனா, இவங்க கோட்டையப் பாக்க வந்தவங்கன்னுதான சொன்ன?"

நைனா மதிலைப் பார்த்தார். அந்த அம்மாள் நைனாவைப் பார்த்தார். "இன்னாய்யா, பொண்ணுகிட்டயே சொல்லலியா? தெருவுக்குத் தெரியக்கூடாதுன்ன, சரி. பொண்ணுக்கே தெரியாம பொண்ணு பாக்கறத நான் எங்கியும் கண்டதில்ல!" பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. உனுக்கு இன்னா வேணும்?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. நான் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து விரித்தேன். "நைனா கையெழுத்து. நாளைக்குக் கடைசி நாளு."

"எத்தினி வருசப் படிப்பு?"

"ரெண்டு."

அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "படிக்கட்டும். டீச்சரம்மா மருமவளா வந்தா எனக்குத்தான் மரியாத. முடிச்சப்புறம் வந்து கேக்கறோம்."

"அப்ப நான் வேணான்னு சொன்னா?"

"வேணான்னா கோட்டையப் பாத்துட்டுப் போறோம். அதுல ஏறாத மல இன்னொண்ணு இருக்குதுல்ல?"

அம்மா தலைகுனிந்து சிரித்தாள். "போட்டுக் குடுங்களேன்" என்றாள் நைனாவிடம்.

காகிதத்தின் ஓரத்தில் புளிக்காய்ச்சல் எண்ணெய் ஊறியிருந்தது. கிளார்க் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எழுத்து மேல படல. எடுத்துக்குவாங்க" என்று பேனா மூடியைத் திருகித் திறந்து நைனாவிடம் நீட்டினார்.

நைனா தூக்கின் மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் காகிதத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மூன்றாவது எழுத்தில் நிறுத்தி என்னை முறைத்தார்.

"எழுதுங்க, எழுதுங்க" என்றார் கிளார்க், ஆபீஸ் குரலில். "பேருக்குக் கீழ தேதி."

நைனா தேதியும் போட்டார்.