புயலில் பறவை எண்ணியவர்

ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் புயல் நாளில்தான் கடிகாரக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வெளியே கிளம்புவார். கரைப்பக்கம் எட்டியே பார்க்காத ஆழ்கடல் பறவைகளை அன்றைக்குத்தான் காற்று கரையோரமாகத் தள்ளிக்கொண்டு வரும். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே, முன்பக்கம் திறந்த சிமென்ட் அறை ஒன்று. அங்கே தொலைநோக்கியை நிறுத்தி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். பின்னால் பெஞ்சில் நோட்டும் பென்சிலுமாக அவர் மனைவி. வாக்கப்பட்ட பாவத்துக்கு நனைகிறேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் ஒரு புயலைக்கூட அவள் விட்டதில்லை.

நிமிடத்துக்கு ஒரு வரி என்பது அவர்கள் கணக்கு. நிமிடம் முடிந்ததும் அவள் பென்சிலால் பெஞ்சைத் தட்டுவாள். அந்த நிமிடத்தில் கடந்துபோன பறவைகள் எத்தனை என்று அவர் சொல்வார், அவள் எழுதுவாள். இடையில் வேறு பேச்சு கூடாது, பேசினால் எண்ணிக்கை தப்பிவிடும். கடிகாரக்காரர் போட்ட சட்டம் கடைப்பையனிடம்கூடச் செல்லாது, பெண்டாட்டியிடம் முப்பது வருஷம் செல்லுபடியானது.

போன மழைக்காலத்துப் புயலில், காலையிலேயே அவர் ஆயுளில் பார்க்காத பெருங்கூட்டம் வந்தது. பதினேழு என்று அவர் சொன்னதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏங்க, நெஞ்சு ஒரு மாதிரி அடைக்குதுங்க."

கண்ணை எடுக்காமலே இடது கையைத் தூக்கிக் காட்டினார், பாவி மனுஷன். பிறகு வழக்கம்போலத் தட்டல் கேட்டது. எழுதுகிறாளே, ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டார். கூட்டம் கடந்து முடிவதற்குள் தட்டல் நின்றுபோயிற்று. திரும்பிப் பார்த்தபோது அவள் சுவரில் சாய்ந்து கிடந்தாள். ஆஸ்பத்திரியில், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்றார் டாக்டர். அதைக் கேட்டவர் கடிகாரக்காரர் ஒருவர்தான்.

ஒரு மாதம் அவர் கடையே திறக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்து தங்கியிருந்த மகள், அப்பாவுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அந்த நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாருங்கப்பா, கடைசி வரைக்கும் கையெழுத்து நேரா இருக்கு. அம்மா கஷ்டப்படவே இல்ல. அவங்களுக்கே தெரிஞ்சிருக்காது."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அவரால் முடியவில்லை. நோட்டில் பதினேழு என்றிருந்த வரியில் விரலை வைத்தார்.

"இந்தப் பதினேழு எழுதினப்பவே நெஞ்சு அடைக்குதுன்னு சொல்லிட்டாம்மா. நான்தான் பேசாதேன்னு கையக் காட்டினேன்."

மகள் பதினேழுக்குக் கீழே இருந்த வரிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பதினொன்று. நோட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். மறுபடி அவரை அப்பா என்று கூப்பிட அவளுக்கு வெகுநாள் ஆயிற்று.