ஹார்ன் அடிக்காத தெரு

என் சைக்கிள் கைப்பிடியில் ஒரு ரப்பர் ஹார்ன் மாட்டியிருக்கிறேன். முன்னால் பித்தளைக் குழல், பின்னால் கறுப்பு ரப்பர் உருண்டை. உருண்டையின் ஒரு பக்கம் மட்டும் பளபளவென்று இருக்கும். என் கட்டைவிரல் பட்டுப் பட்டு வந்த பளபளப்பு அது. மும்பையில் இட்லி விற்கிறவனுக்கு இந்த ஹார்ன்தான் வாய். கூவ வேண்டாம், கதவைத் தட்ட வேண்டாம். ஒருமுறை அமுக்கினால் மூன்றாவது மாடியில் பல் துலக்குகிறவருக்கும் இட்லி வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். அந்த ஐந்து வருடத்திலும் பதில் தெரிந்த கேள்விக்குக்கூட எழுந்து நின்றதில்லை. அப்படிப்பட்டவனுக்குப் பிழைக்க வழி கொடுத்தது இந்த ஹார்ன். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு டாக்டரம்மாவின் ஞாபகம் வரும். இட்லி வியாபாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத அவர் இந்த ஹார்னை ஒரே ஒருமுறை அடித்தார். அந்தச் சத்தத்தால்தான் நான் இன்று நடமாடுகிறேன்.

தாராவியில் எங்கள் வீடு. அப்போது சைக்கிள் கிடையாது. விடிவதற்கு முன்பே மனைவி இட்லி ஊற்றி எடுத்துவிடுவாள். பெரிய அலுமினிய அண்டாவில் துணி விரித்து அடுக்கி, தலையில் சும்மாடு வைத்து, அதன்மேல் அண்டாவை ஏற்றிக்கொண்டு நான் கிளம்புவேன். ஒரு கையில் சாம்பார் வாளி, இன்னொரு கையில் ஹார்ன். மாட்டுங்காவில் மரங்கள் அடர்ந்த தெருக்களில் சுற்றி வருவேன். அதில் ஒரு தெருவில் தர்ம ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. அதன் வாசலில் ஹார்ன் அடிக்கக் கூடாது என்று ஒரு போர்டு. எழுத்து எதுவும் இல்லை, படம்தான். அந்தப் படத்தில் இருப்பது காரின் ஹார்ன் இல்லை. குழலும் உருண்டையுமாக அச்சு அசலாக என்னுடைய ஹார்ன், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. யாரோ எனக்காகவே வரைந்து வைத்ததுபோல் இருக்கும். கார்க்காரர்கள் அடித்துக்கொண்டுதான் போவார்கள். நான் மட்டும் அந்தத் தெருவில் அடித்ததில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஹார்ன் மக்கர் செய்ய ஆரம்பித்தது. அமுக்கினால் புஸ்ஸென்று காற்று மட்டும் வந்தது. ஈரத்தில் ரப்பர் இறுகிவிட்டது என்று நினைத்தேன். புது உருண்டை வாங்கி மாட்டினேன். கடையில் நின்று அடித்துப் பார்க்கக் கூச்சம், அப்படியே வாங்கி வந்துவிட்டேன். அதுவும் கொஞ்ச நாளில் இறுகிப்போனது. இப்போதெல்லாம் கம்பெனிக்காரன் ரப்பரில் என்னத்தையோ கலக்கிறான் என்று சொல்லிக்கொண்டு முழு ஹார்னாகவே புதிதாக வாங்கினேன். அதுதான் இப்போது இருப்பது. அதிலும் காற்றுதான் வந்தது. விடிகாலையில் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் வீட்டில் யாரும் ஹார்னைத் தொட மாட்டார்கள். அதனால் மற்றவர் கைக்கு அது எப்படிக் கத்தும் என்று தெரிந்துகொள்ள வழியில்லாமல் போயிற்று. பழுது ரப்பரில்தான் என்று நான் நம்பிக்கொண்டே இருந்தேன்.

அதற்குள் கால்களும் மாறிவிட்டன. நடைபாதைக் கல்லில் கால் வைத்தால் பஞ்சுப் பொதியில் வைத்தமாதிரி இருந்தது. வலது செருப்பு எங்கேயாவது கழன்று நின்றுவிடும்; நாலடி போன பிறகுதான் தெரியும். தினமும் இட்லி வாங்கும் வாட்ச்மேன் ஒருநாள் என் நடையைப் பார்த்துவிட்டு, கட்டைவிரலை வாய்க்கு நேரே தூக்கிக் காட்டி, "க்யா அண்ணா, சுபே சுபே?" என்று கண்ணடித்தான். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்துவிட்டாயா என்று கேட்கிறான். அந்தச் சனியனை வாழ்நாளில் தொடாதவன் நான். இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. சிரித்துவிட்டு நகர்ந்தேன். பிறகு இரண்டு மூன்று வீடுகளில் ஜன்னல் திறப்பது நின்றது. ஹார்ன் கேட்காததாலா, அந்தப் பேச்சு பரவியதாலா என்று தெரியவில்லை.

சட்டைப் பொத்தானால்தான் வீட்டில் விஷயம் தெரிந்தது. ஒரு பொத்தானோடு நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை மனைவி பார்த்துவிட்டாள். "என்ன, பொத்தான் போடத் தெரியாத பச்சப்புள்ளயா ஆயிட்டீங்க?" என்று சிரித்தபடி வந்தவள், என் விரல்களைப் பிடித்துப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அன்று இட்லியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விற்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு, என்னை அதே போர்டு வைத்த ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

டாக்டரம்மா மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். முதுகெலும்பு ஆபரேஷன் செய்கிறவர் என்றால் ஆள் பெரிதாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். மெலிந்த உருவம், நரைத்த தலை, சின்னக் கைகள். என்னை நேர்கோட்டில் நடக்கச் சொன்னார், முடியவில்லை. என் நடுவிரல் நகத்தைச் சுண்டினார். தொடாத கட்டைவிரல் தானாகத் துள்ளியது. "ஏம்மா, அது ஏன் ஆடுது?" என்று மனைவி பயந்துபோய்க் கேட்டாள். "அதைத்தான் பார்க்கணும்" என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எடுக்க எழுதிக் கொடுத்தார். என்ன வேலை என்று கேட்டார். இட்லி வியாபாரம் என்றேன். கடை என்று அவராக நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. மனைவிதான் சொன்னாள்: "கடையெல்லாம் இல்லம்மா. தலையில அண்டாவ வச்சிக்கிட்டுத் தெருத்தெருவா போவாங்க. இப்பம் ஹார்ன் அடிக்கவும் முடியலன்னு ரெண்டு தடவ ரப்பர மாத்தியாச்சு." டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அடுத்த தடவை வரச்சே அந்த ஹார்னையும் எடுத்துண்டு வாங்கோ" என்றார்.

எம்.ஆர்.ஐ. படம் வந்த அன்று அவர் எங்களுக்காக ஒதுக்கிய நேரத்தை இன்று நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது. வெளியே வரிசை நின்றது. அவர் அவசரப்படவில்லை. கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை போன்ற வட்டுகள் தேய்ந்து, ஓரங்களில் எலும்பு துருத்தி, நடுவில் ஓடும் நரம்புத் தண்டை நாலு இடத்தில் நெரிக்கிறது என்று படத்தில் காட்டினார். "தேய்மானம் வயசானா எல்லாருக்கும் வரும். தலைச்சுமை கொஞ்சம் சீக்கிரம் கூட்டிண்டு வந்திருக்கலாம். எனக்கும் கழுத்து தேஞ்சுதான் இருக்கு. நீங்க தூக்கித் தேய்ச்சேள், நான் குனிஞ்சு தேய்ச்சேன்" என்று தன் பிடரியைத் தடவிக்கொண்டார்.

வெறும் கழுத்துவலி, கைவலி என்றால் மாத்திரை, கழுத்துப்பட்டை, உடற்பயிற்சி என்று காத்திருந்து பார்க்கலாம், நிறையப் பேருக்குக் கத்தியே வேண்டியிருக்காது என்றார். ஆனால் எனக்குக் கையும் காலும் பிடி விட்டுக்கொண்டிருந்தன. பட்டை கட்டினால் நெரிசல் விலகாது. முன்பக்கம் தொண்டை வழியாகப் போய், கெட்ட வட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் எலும்புத் துண்டோ கூடு மாதிரி ஒரு சின்னச் சாமானோ வைத்துத் தகடு முடுக்குவது ஒரு வழி. அந்த எலும்புகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும், பிறகு அந்த இடம் அசையாது. ஒன்றிரண்டு இடத்தில் கோளாறு என்றால் அதையே செய்வாராம். சிலருக்குக் கொஞ்ச காலம் விழுங்கச் சிரமமாகவும் குரல் கம்மலாகவும் இருக்குமாம். எடுத்த இடத்தில் அசைகிற செயற்கை வட்டு வைப்பதும் உண்டு; ஆனால் இத்தனை தேய்ந்த கழுத்துக்கு அது ஒத்துவராது. எனக்கு நாலு இடம், கழுத்தின் வளைவு கெடவில்லை என்பதால் பின்பக்கம் போவதே நல்லது என்றார். "பின் எலும்பை ஒரு பக்கம் முழுசா வெட்டி, இன்னொரு பக்கம் பாதி வெட்டி, கதவைத் திறக்கற மாதிரி திறந்து வைப்பேன். மறுபடி மூடிக்காம சின்னத் தகடு. நரம்புக்கு இடம் கிடைச்சுடும். கழுத்தும் ஓரளவு திரும்பும்." பிறகு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சொன்னார்: "இதுல ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். போன சக்தியெல்லாம் திரும்பி வரும்னும் சத்தியம் பண்ண மாட்டேன். இருக்கறதைக் காப்பாத்தத்தான் இந்த ஆபரேஷன். அதுக்கு மேல வர்றது லாபம்."

வீட்டில் மச்சான் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மனைவியின் அண்ணன் அவர். "கழுத்துல கத்தி வச்சவன் எவனாவது எந்திரிச்சு நடந்து பாத்திருக்கியளா? பேசாம எண்ணெய் போட்டு உருவிட்டா சரியாப் போவும். அந்த ரப்பர மட்டும் நல்ல கடையில வாங்கும், மாப்ள" என்று அவர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொள்ளத்தான் எனக்கு ஆசை. "ரப்பர்தான் சரியில்லம்மா" என்று மெல்லச் சொன்னேன்.

டாக்டரம்மா கை நீட்டினார். மனைவி பையிலிருந்து ஹார்னை எடுத்து மேசைமேல் வைத்தாள். முதலில் என்னை அமுக்கச் சொன்னார். வலது கையில் புஸ். இடது கையில் அதுவும் இல்லை. பிறகு அவர் வாங்கி, அந்த மெலிந்த விரல்களால் ஒரு அமுக்கு அமுக்கினார். அந்தச் சின்ன அறையே அதிர்ந்துபோயிற்று. வெளியே ஒரு குழந்தை வீறிட்டது. சிஸ்டர் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்து, "மேடம்! ஆஸ்பத்திரிக்குள்ள ஹார்னா! வாசல்ல போர்டு இருக்கே!" என்றார். "தெரியும் சிஸ்டர், அதை வைக்கச் சொன்னதே நான்தான்" என்றார் டாக்டரம்மா. மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. டாக்டரம்மா ஹார்னை என் பக்கம் தள்ளினார். "ரப்பர் நன்னாதான் இருக்கு" என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை, கேலி இல்லை. என் கை ஹார்ன்மேல் கிடந்தது. அது என் கை மாதிரியே இல்லை. நான் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், "பண்ணிருங்கம்மா" என்றேன்.

மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது பின்கழுத்தில் தீ வைத்தமாதிரி வலி. டாக்டரம்மாவின் முகம் மேலே குனிந்திருந்தது. "காலை ஆட்டுங்கோ" என்றார். ஆட்டினேன். "விரலை மடக்குங்கோ." மடக்கினேன். அவர் சிஸ்டரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் பார்த்தால் கட்டிலுக்குப் பக்கத்துப் பெட்டிமேல் ஹார்ன் உட்கார்ந்திருந்தது. மற்றவர்களுக்கு அமுக்கிப் பழகப் பஞ்சுப் பந்து கொடுத்தார்கள். எனக்கு மட்டும் இது. டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வரும்போதெல்லாம் கட்டில் முனையில் நின்று புருவத்தைத் தூக்குவார். நான் அமுக்குவேன். காற்றுதான் வரும். "பரவாயில்லை, காத்து நீளமா வர்றது" என்பார். ஒருநாள் பகலில், எல்லாரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில், நான் சும்மா அமுக்கிக்கொண்டிருந்தபோது அது சட்டென்று கத்திவிட்டது. அரைச் சத்தம்தான். அடுத்த கட்டில் பெரியவர் திடுக்கிட்டு எழுந்து, "க்யா, பஸ் ஆ கயீ?" என்றார், பஸ் வந்துவிட்டதா என்று. வார்டே சிரித்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அது எனக்குக் கூச்சமாக இல்லை.

கால்கள் முதலில் தேறின. விரல்கள் மெதுவாக வந்தன, எல்லாம் வரவில்லை. சுண்டுவிரல் பக்கம் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. கழுத்துப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறாள். அண்டாவை மறுபடி தலையில் ஏற்றக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எண்ணெய் போட்டு உருவச் சொன்ன மச்சானே, பழைய சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்து, பின்னால் அண்டா உட்காரக் கம்பியில் சட்டம் அடித்துக் கொடுத்தார். ஹார்ன் கைப்பிடிக்கு வந்தது. குடிகாரன் என்று நினைத்த வாட்ச்மேன், என் பிடரியில் இருந்த நீளத் தழும்பைப் பார்த்ததிலிருந்து நான் தெருமுனைக்கு வருவதற்குள் கேட்டைத் திறந்து வைக்கிறான்.

கடைசியாகக் காட்டப் போன நாளில், இட்லி கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டரம்மா நின்றபடியே ஒன்று சாப்பிட்டு, "சட்னில உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் முன்னால் நின்றதும் எல்லாம் போய்விட்டது. "என்ன, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். என்ன செய்வது என்று தெரியாமல் கைப்பிடியிலிருந்து கழற்றிப் பையில் போட்டு வந்த ஹார்னை எடுத்து ஒருமுறை அமுக்கினேன். முழுச் சத்தம். அவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, "சந்தோஷம். ஆனா இனிமே இந்தத் தெருவுல அடிக்கப்படாது, கேட்டேளா? உள்ளே எல்லாரும் தூங்கறா" என்றார். அதன் பிறகு அவர் ஓய்வு பெற்று, மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று சிஸ்டர் சொன்னார். நன்றி என்ற வார்த்தையை நான் அவரிடம் சொல்லவே இல்லை.

இன்று காலையிலும் அந்தத் தெரு வழியாக வந்தேன். போர்டு அதே இடத்தில் இருக்கிறது. வெயிலில் சிவப்புக் கோடு வெளுத்துவிட்டது, ஹார்ன் படம் மட்டும் அப்படியே நிற்கிறது. அங்கே வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பேன். கட்டைவிரலை ரப்பரின் பளபளப்பான இடத்தில் வைத்துக்கொள்வேன். அமுக்கினால் தெருவே எழுந்துகொள்ளும் என்று என் கைக்குத் தெரியும். ஒரு காலத்தில் ஹார்ன் அடிக்க முடியாத கையோடு இந்தத் தெருவைக் கடந்தவன் நான். இன்று அடிக்க முடிந்த கையைச் சும்மா வைத்துக்கொண்டு, உள்ளே தூங்குகிறவர்கள் தூங்கட்டும் என்று கடந்து போகிறேன்.