இருபத்துநாலாவது கை

முன்னறையில் தேநீர்க் கோப்பைக்குள் கரண்டி சுழலும் சத்தம் நிற்கவேயில்லை. சீனி கரைந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது. ஒஸ்லோவின் வெஸ்ட்லிப் பகுதியில், தன் அடுக்குமாடி வீட்டின் குசினியில் அடுப்பருகே நின்ற யோகாம்பாளுக்கு அது நெஞ்சுக்குள்ளேயே கேட்டது. கோபத்தை அடக்கும்போது அண்ணன் வரதராசா அப்படித்தான் கலக்குவார்.

அவர் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு மேல்மாடியில் நடக்கிறது. சங்க உறுப்பினர் மக்டலீனின் மகள் ராகவியின் சக்கரநாற்காலி அங்கே ஏறாது. வகுப்பைக் கீழே உள்ள நிர்வாக அறைக்கு மாற்ற உறுப்பினர்கள் தீர்மானித்தார்கள். தலைவர் கையெழுத்திட மறுத்துவிட்டார். நாளை மறுபடியும் வாக்கெடுப்பு.

அவள் பலகாரத் தட்டை வைத்ததும், "யோகம், நாளைக்கு நீ வரத் தேவையில்லை" என்றார். "எனக்கு எதிரா நீ கை தூக்கவும் வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு எதிரா நிக்கவும் வேண்டாம். பேசாமல் வீட்டிலை இரு. ஒருத்தரோடையும் பகையில்லை."

எவ்வளவு பரிவு! இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அவளை ஒஸ்லோவுக்கு அழைத்தவர். புருசெத் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை தேடித் தந்தவர். கணவன் இறந்த அன்று அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டவர். அவரிடம் அவள் ஒருநாளும் மாட்டேன் என்றதில்லை. "ஓம் அண்ணை" என்று சொல்ல வாய் திறந்தாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. சங்கத்தின் விதிகளை எழுதியவர் அண்ணன். கையெழுத்து அழகென்று அவற்றைப் படியெடுத்தவள் அவள். அமெரிக்க மாநிலம் ஒன்றின் அரசியலமைப்பைப் பார்த்துத்தான் அவர் எழுதினார். அங்கே ஆளுநர் ஒரு சட்டத்தை மறுத்தால், சட்டமன்றம் மறுபடி வாக்கெடுத்து, மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் அந்த மறுப்பு செல்லாது. ஆளுநர் என்ற இடத்தில் தலைவர் என்று மட்டும் மாற்றினார்.

"அண்ணை, மூண்டிலை ரெண்டெண்டால் வாற ஆக்களிலையோ, மொத்த ஆக்களிலையோ?"

கரண்டி நின்றது.

"மொத்தத்திலை."

"அப்ப முப்பத்தாறிலை இருபத்துநாலு. மக்டலீனுக்கு இருபத்துமூண்டு பேர்தான் இருக்கினம். நான் வராட்டி, அந்தப் பிள்ளைக்கு எதிரா நிண்ட மாதிரித்தானே?"

"ஓகோ! உன்ர குசினிக்குள்ளையும் ஒரு சட்டமன்றமோ? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுறம் எண்டு எத்தினை பேர் சொன்னவை!"

"பத்து வயசுப் பிள்ளை, அண்ணை. அவள் என்ன அரிசி மூட்டையோ?"

அவர் எழுந்தார். "உன்னை இஞ்சை கூப்பிட்டது நான்."

"ஓம். அதை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது." கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, அவள் துடைக்கவில்லை. "எண்டாலும் நாளைக்கு வருவன். கை தூக்குவன்."

சப்பாத்து நாடாவைக் கட்ட அவருக்கு நெடுநேரம் பிடித்தது. அவள் குளிரங்கியை விரித்துப் பிடித்தாள். அவர் அதற்குள் கை நுழைக்காமல் பறித்துக்கொண்டார். எப்போதும் "போயிட்டு வாறன்" என்றுதான் புறப்படுவார். இன்று அது வரும் வரும் என்று அவள் காத்து நின்றாள்.

கதவு சாத்தப்பட்டது.