வறண்டுபோன தோல் வளையம்

என் பூசை அலமாரியில் விபூதிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு தோல் வளையம் இருக்கிறது. பெருவிரல் நுழையும் அளவு ஓட்டை. அப்பளம்போல் விறைத்து, ஓரமெல்லாம் சுருங்கிப் போனது. பத்து வருடங்களாகத் தினமும் அதைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் தலை தானாகக் குனிந்துவிடும். கும்பிடுகிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொள்கிறார்கள்.

கிள்ளானில் பாய்லர் கட்டும் ஒரு பட்டறையில் நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து வேலை பார்த்தோம். மச்சினன் காற்றுச் சம்மட்டியைப் பிடித்து, பழுக்கக் காய்ச்சிய ரிவிட்டுகளை அடிப்பார். காற்று வரும் ரப்பர் குழாய்களை இணைப்பதும் பேணுவதும் என் பொறுப்பு. முன்பெல்லாம் திருகு மறை வைத்த இணைப்புகள்தான். ஒவ்வொரு முறையும் ஸ்பானரைத் தேட வேண்டும். பிறகு இரண்டு நகம் வைத்த பித்தளைக் கப்ளிங் வந்தது. இரண்டு பாதிகளையும் முகத்தோடு முகம் அழுத்திக் கால் சுற்றுத் திருப்பினால் போதும், பூட்டிக்கொள்ளும். எது வேண்டும் என்று பட்டறையின் வெள்ளைக்காரத் துரை கேட்டபோது நகம் வைத்ததையே கேட்டு வாங்கியவன் நான். ஆனால் அந்தப் பூட்டு நகத்தால் மட்டும் நிற்பதில்லை. உள்ளே இருக்கும் தோல் வளையம் மெத்தென்று புடைத்து இரண்டு பாதிகளையும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்காகக் காலையில் வளையங்களைக் கழற்றி மாட்டுக் கொழுப்பு தடவி மாட்டுவது எங்கள் வழக்கம்.

அந்த வருடம் பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் பிடித்தேன். கொழுப்பு டப்பாவைத் திறந்தாலே மனம் கூசியது. யாரிடமாவது சொல்லி, வேறு கையால் தடவச் செய்திருக்கலாம். ஆனால் எங்களை மேய்க்கும் மேஸ்திரியான மண்டோர் ஏற்கெனவே ஒருமுறை, "சாமியாருக்குப் பட்டறையில என்னப்பா வேலை? கோயில்ல போய் மணி அடி" என்று எல்லோர் முன்னாலும் சிரித்திருந்தார். அதனால் யாருக்கும் தெரியாமல் வளையங்களைத் தண்ணீரில் ஊறப்போட்டு மாட்டினேன். ஊறிய தோல் நன்றாக உப்பியது, காற்று கசியவில்லை. முருகனே வழி காட்டினான் என்றுகூட நினைத்துப் பெருமைப்பட்டேன்.

நனைந்த தோல் சூட்டில் காய்ந்தால் முன்னைவிடச் சுருங்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மதியம் இணைப்பில் உஸ்ஸென்று சத்தம் கேட்டது.

"மாமா, உங்க பாம்பு சீறுதே! பால் வைக்கலையா?" என்றார் மச்சினன்.

அப்போதே காற்றை நிறுத்திக் கழற்றியிருக்க வேண்டும். கழற்றினால் காய்ந்த வளையம் எல்லோர் கண்ணிலும் படும். "இந்த வரிசைய முடிச்சிரு மாப்ளே, அப்புறம் பாக்குறேன்" என்றேன். நாலாவது ரிவிட்டில் சம்மட்டி அதிர்ந்த அதிர்வில் நகம் திரும்பி விலகியது. குழாய் சாட்டைபோல் துள்ளியது. அதன் நுனியிலிருந்த பித்தளை அவருடைய இடது கண்ணில் அடித்தது.

துரை ஓடி வருவதற்குள், ரத்தம் வழிய வழிய, கீழே விழுந்த வளையத்தை அவர் கையால் துழாவி எடுத்ததை நான் பார்த்தேன். விரலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். மடியில் செருகிக்கொண்டார். "நான்தான் மாட்டினேன் துரை. சரியாத் திருப்பாம விட்டுட்டேன்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அந்த வளையத்தை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் தடவியிருப்பேன்ல, மாமா? எனக்கு ஏது விரதம்? நேத்துகூட பாசார்ல கோழி தின்னேன்." சிரிக்கப் பார்த்தார், வலியில் முகம் கோணியது. "அக்காகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. உங்கள மன்னிக்க மாட்டா."

அந்தப் பேச்சைச் சாக்காக வைத்துக்கொண்டேன். காவடியும் எடுத்தேன். தைப்பூசத்தன்று கண்ணில் கட்டோடு மச்சினன் குடத்தைத் தூக்கி வந்து, மஞ்சள் தண்ணீரால் என் கால்களைக் கழுவி, விழுந்து கும்பிட்டார். அவர் நெற்றியில் நான் விபூதி பூசினேன். சுற்றி நின்றவர்கள் என் பக்தியை மெச்சினார்கள். என் வாழ்நாளில் அதைவிடக் கேவலமாக நான் நின்றதில்லை.

கண் போனபின் அவருக்குச் சம்மட்டி இல்லை; பட்டறை வாசலில் காவலுக்கு வைத்தார்கள். நானோ இப்போது வேலையை விட்டு, பிரிக்பீல்ட்ஸில் பிள்ளை வீட்டில் சௌகரியமாக இருக்கிறேன். தைப்பூசத்தன்று என் காலில் தண்ணீர் ஊற்ற, வருடா வருடம்போல் இந்த வருடமும் வருவதாக மச்சினன் நேற்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்.

இன்று விரதத்தின் முதல் நாள். கொஞ்சம் மாட்டுக் கொழுப்பு வாங்கி வந்து, என் விரலாலேயே எடுத்து அந்த வளையத்தில் தடவினேன். தோல் அதை ஏற்கவில்லை. சற்று வளைத்ததும் ஓரத்தில் வெடித்தது.

விளக்கேற்ற வந்த என் மனைவி திகைத்து நின்றாள். "விரதத்துல கொழுப்பப் போய்த் தொடுறீங்களே! என்ன இது?"

கையைக் கழுவாமல், "உக்காரு. உன் தம்பி கண்ணப் பத்திச் சொல்லணும்" என்றேன்.