வீட்டுக்குள் ஒரு மகஜர்

கல்யாணமான நாற்பத்தைந்தாம் நாள் என் கணவர் துபாய்க்கு விமானம் ஏறினார். மரக்காணத்தில் எங்கள் தெருவுக்கு இது அதிசயமில்லை. வீட்டுக்கு ஒரு ஆம்பிளை வளைகுடாவில் இருப்பான், அவன் பெண்டாட்டி போன் மணிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு சமையல் செய்வாள். எனக்கு அந்தப் பொறுமை பழகவே இல்லை. கல்யாணத்துக்கு முன்பே எழுதியிருந்த சுங்கத்துறைப் பரீட்சையில் தேறிவிட்டேன் என்று தபால் வந்தபோது, ஊர் உத்தியோகத்தைப் பார்த்தது. நான் பார்த்தது வேறு. வீட்டில் ஒரு சம்பளம் நிலையாக வந்துவிட்டால் அவர் அங்கே கிடந்து அல்லாட வேண்டியதில்லை, திரும்பி வந்துவிடுவார். அவ்வளவுதான் என் திட்டம்.

எழுத்துப் பரீட்சையோடு விடமாட்டார்கள். குறித்த நேரத்துக்குள் நடந்து காட்ட வேண்டும், சைக்கிள் ஓட்டிக் காட்ட வேண்டும். எனக்குச் சைக்கிள் தெரியாது. கணவரின் அக்காதான் உப்பளத்து லாரிப் பாதைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய், கேரியரைப் பிடித்துக்கொண்டே ஓடிவந்து பழக்கிவிட்டார். இரண்டு முறை பாத்திக்குள் விழுந்தேன். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சுடிதாரெல்லாம் உப்பு பூத்து வீட்டுக்குள் நுழைந்தால் மாமி மூக்கில் விரலை வைப்பார். “ஊறுகா போட எடுத்து வச்ச மாங்கா மாதிரி வர்றாளே எம்மருமவ!”

2004 முடியும்போது சென்னையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். சேர்ந்த சில நாட்களிலேயே கடல் ஊருக்குள் வந்துவிட்டது. எங்கள் வீடு உள்ளே தள்ளி இருந்ததால் தப்பியது, கரையோரக் குப்பங்கள் தப்பவில்லை. துபாயிலிருந்து அவருக்கு இரண்டு நாள் லைன் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் விடுதிப் போனில் பிடித்தார். “நீ இருக்கியா?” என்று கேட்டார். “இருக்கேன்” என்றேன். அதற்குமேல் கார்டு தீரும்வரை இருவரும் அழுதோம். அன்றைக்கு வந்த ஏக்கம் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

பயிற்சியில் சட்டம், துப்பாக்கி, கப்பலின் எந்தெந்த மூலையில் ஒளிப்பார்கள் என்பது, எல்லாமும் இருந்தது. நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியது மகஜரில். பிடிபட்ட சரக்கைச் சும்மா அள்ளிக்கொண்டு வந்துவிட முடியாது. சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகளை உட்காரவைத்து, பொருளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, என்ன பொருள், எத்தனை, எந்த நாட்டில் செய்தது, மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டே வருவார். அந்தக் காகிதம்தான் மகஜர். பயிற்சிக்கென்றே பழைய டிரங்குப் பெட்டி ஒன்றில் கண்டதையும் போட்டு வைத்திருந்தார்கள். “கண்ணு பாத்ததை வாய் உடனே சொல்லணும். நடுவுல யோசிச்சா எதையாவது விட்டுடுவீங்க” என்பார் பயிற்சி அதிகாரி. எனக்கா சொல்லித்தர வேண்டும்? பிறந்ததிலிருந்தே முந்திரிக்கொட்டை. டப்பாவைத் திருப்பின கையோடு லேபிளின் அடிவரி வரை ஒப்பித்துவிடுவேன்.

முதல் போஸ்டிங் புதுச்சேரியில் கிடைத்தது. வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்தேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஜீப்பில் கடற்கரை ரோந்து. குப்பம் குப்பமாக இறங்கி, தெரியாத படகு ஏதும் ஒதுங்கியதா, வெளியாள் யாராவது டீசல் கேட்டானா என்று விசாரிப்போம். நான் போனால் மீனவப் பெண்கள் விசாரணையைத் திருப்பிவிடுவார்கள். “உம் வூட்டுக்காரு எப்பம்மா வர்றாரு?” வெள்ளை யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு இந்தக் கேள்விக்கு நிற்பதைவிடக் கடத்தல்காரனைத் துரத்தலாம்.

கரையில் நிற்கும்போது தூரத்தில் கப்பல் போனால் மனசு தானாக அதன் பின்னால் போகும். பிறகுதான் உறைக்கும், எங்கள் கடல் இருப்பது கிழக்கே. அவர் இருப்பது மேற்கே. இந்தக் கடலைப் பார்த்து ஏங்கினால் அது பர்மாவில் போய்த்தான் இறங்கும். அது தெரிந்தும் நின்றுகொண்டிருப்பேன், டிரைவர் ஹாரன் அடிக்கும் வரைக்கும்.

போனில் வாராவாரம் ஒரே பாட்டுத்தான். “எனக்குச் சம்பளம் வருது. நீங்க வந்துடுங்க.” அவரும் வாராவாரம் “பாக்கலாம்” என்பார். 2005 மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் “பாக்கலாம்” வரவில்லை. “அடுத்த சனிக்கிழமை வர்றேன். ஏர்போர்ட்டுக்கு வராத, உனக்கு லீவு வேஸ்ட்டு” என்றார். லீவு போனால் போகட்டும் என்று கத்தினேன். கேட்கவில்லை.

விமானம் விடியற்காலையில் இறங்கியது. அவர் வீடு வந்து சேரும்போது சாயங்காலத் தொழுகைக்கு, அஸருக்கு, பாங்கு சொல்லிவிட்டார்கள். சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பாதை. மிச்ச நேரம் எங்கே போனது என்று ஒரு சுங்கத்துறைக்காரிக்குக் கேட்கத் தோன்றியிருக்க வேண்டும். இளைத்துப்போய், முன்வழுக்கையோடு, கயிறு கட்டிய பெட்டியை இறக்கிக்கொண்டு நின்ற ஆளைப் பார்த்ததில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டி பிரித்தோம். எங்கள் பக்கம் அதை வந்தவுடனே தனியாகப் பிரிக்க மாட்டார்கள். சொந்தபந்தம், பக்கத்து வீடு எல்லாம் கூடிய பிறகுதான் கயிறு அறுப்பது. யாருக்கு என்ன என்று பார்த்துப் பார்த்துக் கொடுப்பது, போனவன் சம்பாதித்தான் என்று ஊருக்குச் சொல்வது, இரண்டும் அதில் அடக்கம். அவர் கத்தியை எடுத்தபோது நாத்தனார் தடுத்தார். “இருடா! வூட்லயே கஸ்டம்ஸ் இருக்குது. அவளே பிரிக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் “வேணாங்க்கா, நானே...” என்று இழுத்தார். நான் அதற்குள் பெட்டி முன்னால் சம்மணம் போட்டுவிட்டேன். மாமியையும் நாத்தனாரையும் சாட்சிகளாக எதிரே உட்காரவைத்தேன். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, பயிற்சி நிலையத்துக் குரலை எடுத்தேன். “போர்வை, ஒன்று. பூப்போட்டது. கொரியா!” கைதட்டினார்கள். “கோடாலித் தைலம், ஆறு. சிங்கப்பூர்!” இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். இரண்டு வருஷத்து ஏக்கம் எல்லாம் அன்று கும்மாளமாக மாறியிருந்தது. அவர் பக்கத்தில் இருக்கிறார், அவர் பெட்டி என் கையில் இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

“பால் பவுடர், இரண்டு டின். ஹாலந்து!” டின்னைத் திருப்பினேன். கண் பார்த்தது, வாய் சொன்னது. “இறக்குமதி செய்தவர் முகவரி, சென்னை. அதிகபட்ச சில்லறை விலை...”

அங்கே நின்றேன். துபாயில் வாங்கின டின்னில் சென்னைக்காரன் முகவரியும் ரூபாய் விலையும் ஒட்டியிருக்காது. அது எனக்குத் தெரியும். நான் உரக்கப் படித்ததால் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

“ஏன்டா, இங்க பஜார்ல வாங்கினியா?” என்று நாத்தனார் விளையாட்டாகத்தான் கேட்டார். அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. மாமி டின்னை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். “எங்க வாங்கினா என்னடி? எம்புள்ள குடுக்கறான், வாங்கிட்டுப் போங்க.” வாங்கிக்கொண்டு போனார்கள். வாசலைத் தாண்டியதும் கையிலிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலையில் அவர் உப்பளத்துப் பக்கம் நடந்தார், நானும் பின்னாலேயே போனேன். பம்பு செட்டுக் கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். கம்பெனியை மூடி ஐந்து மாதம் ஆகிவிட்டதாம். டிக்கெட்டைக் கூட்டாளிகள்தான் போட்டுக் கொடுத்தார்களாம். வெறுங்கையோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்று சென்னையில் இறங்கி, வாட்சை விற்றுப் பெட்டியை நிரப்பியிருக்கிறார்.

“எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க.”

“பெட்டி பிரிச்சு, எல்லாரும் போன பின்னாடி உங்கிட்ட மட்டும் சொல்லலாம்னு இருந்தேன். இனிமே போகல, இங்கயே இருந்துடறேன்னு சொல்லத்தான் வந்தேன். நீதானே வாராவாரம் கூப்ட்ட?”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்ப மட்டும் என்ன, இருங்க” என்றேன். “யாரு என்ன சொன்னா நமக்கென்ன?”

“நேத்து வரைக்கும், துபாய் போதும்னு வந்துட்டான்னு சொல்லியிருப்பாங்க. இனிமே, ஒண்ணுமில்லாம வந்து பொண்டாட்டி சம்பளத்துல உக்காந்துட்டான்னு சொல்வாங்க. என்னால முடியாதும்மா. ஒரு தடவ ஒழுங்கா போய்ட்டு வந்துடறேன்.”

நான் எவ்வளவோ சொன்னேன். அழுதேன், சண்டை போட்டேன், வேலையை விட்டுவிடுகிறேன் என்றுகூடச் சொன்னேன். அதற்கு மட்டும் கோபப்பட்டார். அறுபது நாளில் கத்தாரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். இந்த முறை ஏர்போர்ட்டுக்கு நானும் போனேன். என் அடையாள அட்டையைக் காட்டினால் உள்ளே கொஞ்ச தூரம் கூடப் போகலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

2006 கோடையில், கத்தாரில் தன்னோடு வேலை பார்த்த கிளியனூர்க்காரர் ஒருவர் ஊருக்கு வந்தபோது, அந்த ஆள் கையில் என் கணவர் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். இந்தத் தடவை நான் தள்ளி நின்றுகொண்டேன், மாமி பிரித்தார். மேலாகவே ஒரு காகிதம் இருந்தது. கடிதம் என்று பாய்ந்து எடுத்தேன். அது பட்டியல். சோப்பு, எத்தனை, எந்த நாடு. சென்ட், எத்தனை, எந்த நாடு. அவர் கையெழுத்தில், வரிசையாக, ஒன்றுவிடாமல். கீழே கடை ரசீதுகள் எல்லாம் குண்டூசியில் குத்தியிருந்தன. பின்பக்கம் திருப்பினேன். அங்கே ஒன்றும் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை போன் செய்தார். மாமியும் நாத்தனாரும் பக்கத்திலேயே நின்றார்கள்.

“பெட்டி வந்துச்சா? லிஸ்ட்டு வச்சுப் பாத்தியா?”

“பாத்தேங்க.”

“எல்லாம் சரியா இருக்குதில்ல? ஒண்ணும் கொறையலியே?”

சொல்ல எவ்வளவோ இருந்தது. என்றைக்கும் முந்திக்கொள்கிற வாய் அன்றைக்குப் பார்த்து அடைத்துக்கொண்டது.

“இல்லீங்க” என்றேன். “எல்லாம் சரியா இருக்குது.”